ஹார்ட் பம்பிங் குறைந்துவிட்டது: மாத்திரையா, ஐசிடியா, சிஆர்டியா, மாற்று இதயமா?

எக்கோ ரிப்போர்ட்டில் டைலேட்டட் கார்டியோமயோபதி, இஎஃப் 25 சதவீதம் என்று போட்டிருக்கிறது. ஒரு டாக்டர் மாத்திரை சாப்பிட்டு மூன்று மாதம் பார்க்கலாம் என்கிறார். இரண்டாவதாகப் பார்த்தவர் ஐசிடி (இதயத் தாளம் கெட்டால் ஷாக் கொடுக்கும் கருவி) வைத்துவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள் என்கிறார். சென்னையில்தான் ஹார்ட்டையே மாற்றுகிறார்களே, இன்னும் என்ன யோசனை என்று சித்தப்பா கேட்கிறார், மருதம்பட்டைக் கஷாயம் போதும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். இத்தனை பேச்சுக்கும் நடுவில் எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. என் அக்காவுக்கு இந்த நோய் இருக்கிறது, ரிப்போர்ட்டைப் படிக்கவும் டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் அதனால் பழகினேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு இவை ஒன்றோடொன்று போட்டி போடும் வழிகள் கிடையாது, ஒன்றன்பின் ஒன்றாக வரும் கட்டங்கள். மாத்திரைக்கு உரிய நேரம் கொடுக்காமல் கருவிக்கு ஓடுவதும் நடக்கிறது, மாத்திரையிலேயே வருடக்கணக்கில் உட்கார்ந்துவிட்டு மாற்று இதயத்துக்கான டாக்டரைப் பார்க்கப் போகும்போது நேரம் கடந்துவிட்டது என்று திரும்பி வருவதும் நடக்கிறது.

## அந்த 25 என்ன சொல்கிறது

இந்த நோயில் இதயத்தின் இடது கீழறை விரிந்து பெரிதாகிறது, அதன் தசை வலுவிழந்து சரியாகச் சுருங்க முடியாமல் போகிறது. அறையில் நிரம்பியிருக்கும் இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு பங்கு வெளியே போகிறது என்பதுதான் இஎஃப். நல்ல இதயத்திலேயே அது 55 முதல் 70 வரைதான் இருக்கும், நூறு யாருக்கும் கிடையாது. ஆகவே 25 என்றால் முக்கால்வாசி இதயம் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே போல, போன மாதம் 28, இந்த மாதம் 25 என்று பதற வேண்டாம். எக்கோவில் பார்ப்பவரைப் பொறுத்தே ஐந்து புள்ளி வரை மாறும்.

எண்ணை விட முக்கியமானது காரணம். இதய இரத்தக்குழாயில் அடைப்பு இருந்து தசை கெட்டிருக்கலாம், அதை விலக்கத்தான் ஆஞ்சியோகிராம். வைரஸ் தொற்று, பல வருடக் குடி, தைராய்டு கோளாறு, மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்ட வேகத்துடிப்பு, பிரசவத்தை ஒட்டி வருவது, டாக்ஸோரூபிசின் போன்ற கேன்சர் மருந்துகள், பரம்பரை மரபணு என்று பட்டியல் நீளம். இதில் குடி, தைராய்டு, வேகத்துடிப்பு மூன்றும் சரிசெய்தால் இதயம் நன்றாகவே திரும்பி வரக்கூடியவை. காரணம் தேடாமல் நேராகக் கருவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அங்கே ஒரு நிமிடம் நிறுத்தி, எதனால் வந்தது என்று கேளுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

இந்த நோயில் உயிருக்கு ஆபத்து இரண்டு பாதைகளில் வருகிறது. ஒன்று, பம்ப் மெல்ல மெல்லத் தளர்ந்து காலிலும் நுரையீரலிலும் நீர் கோத்து, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டே இருப்பது. மற்றொன்று, தாளம் திடீரென்று தாறுமாறாகி, நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் விழுந்துவிடுவது. எந்தச் சிகிச்சையைச் சொன்னாலும் இது எந்தப் பாதையை அடைக்கிறது என்பதே முதல் கேள்வி. அதைச் சொல்லாமல் "இது வைத்தால் சரியாகிவிடும்" என்று பேசினால் குழப்பம்தான் மிஞ்சும்.

அடுத்து, காத்திருக்க நேரம் இருக்கிறதா. பிறகு, எடுத்த முடிவைத் திருப்ப முடியுமா. மாத்திரையை மாற்றலாம், நெஞ்சுக்குள் போன ஒயரை அவ்வளவு சுலபமாக எடுக்க முடியாது. கடைசியாகச் செலவு. ஆபரேஷன் பில்லை எல்லோரும் கேட்கிறார்கள், அதற்குப் பிறகு வருடா வருடம் வரும் செலவையும் வீட்டில் ஒருவர் வேலையை விட்டுக் கூட இருக்க வேண்டியிருக்குமா என்பதையும் கேட்பவர்கள் குறைவு.

## மாத்திரை

இது கடைசிவரை இருக்கப் போவது, வேறு எதைச் செய்தாலும் கூடவே வருவது, அதனால் இதற்குத்தான் அதிக இடம் தருகிறேன்.

இன்றைக்கு இந்த நோய்க்கு நான்கு வகை மருந்துகள் அடிப்படை. பீட்டா பிளாக்கர்: கார்வெடிலால், மெட்டோப்ரோலால் சக்ஸினேட், பைசோப்ரோலால் மூன்றில் ஒன்று. இரண்டாவது சகுபிட்ரில்-வல்சார்டன், அல்லது அது முடியாதவர்களுக்கு எனலாப்ரில், ராமிப்ரில் வகை. மூன்றாவது ஸ்பைரனோலாக்டோன் அல்லது எப்ளெரினோன். நான்காவது, முதலில் சர்க்கரைக்காக வந்து பிறகு இதயத்துக்கும் நல்லது என்று நிரூபணமான டாபாக்ளிஃப்ளோசின் அல்லது எம்பாக்ளிஃப்ளோசின். சர்க்கரை இல்லாதவர்களுக்கும் கொடுப்பார்கள். நான்கும் பெரிய ஆய்வுகளில் தேறியவை. 1999-இல் வந்த ரேல்ஸ் ஆய்வில் ஸ்பைரனோலாக்டோன் மரணத்தை 30 சதவீதம் குறைத்தது. 2014-இல் பாரடைம் ஆய்வில் எட்டாயிரம் பேருக்கு மேல் வைத்துப் பார்த்தபோது, சகுபிட்ரில்-வல்சார்டன் பழைய எனலாப்ரிலை விட இதய மரணத்தையும் ஆஸ்பத்திரி சேர்க்கையையும் சேர்த்து 20 சதவீதம் குறைத்தது. 2019-இல் டாபாக்ளிஃப்ளோசினுக்கும் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு கிடைத்தது. இவை இரண்டு பாதைகளையும் அடைக்கின்றன என்பதுதான் பெரிய விஷயம். பம்பும் தேறுகிறது, திடீர் மரணமும் குறைகிறது.

இவ்வளவு இருந்தும் பலருக்குப் பலன் கிடைக்காததற்கு அளவு ஒரு முக்கியக் காரணம். சகுபிட்ரில்-வல்சார்டன் 50 மி.கி.யில் ஆரம்பித்து, பிரஷர் தாங்குகிறவரை 100, பிறகு 200 மி.கி. தினம் இரண்டு வேளை என்று ஏற்ற வேண்டும். கார்வெடிலால் 3.125-இல் தொடங்கி 25 மி.கி. இரண்டு வேளை வரை போகும். ஆனால் டிஸ்சார்ஜ் அன்று எழுதிக்கொடுத்த ஆரம்ப அளவையே இரண்டு வருடம் கழித்தும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன், ஒவ்வொரு ரிவ்யூவிலும் "அதையே கன்டின்யூ பண்ணுங்க" என்று சீட்டு வந்திருக்கும். மாத்திரை கேட்கவில்லை என்று முடிவு கட்டும் முன் நான்கு வகையும் இருக்கிறதா, அளவு எட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிரஷரோ கிட்னியோ இடம் கொடுக்காமல் ஏற்ற முடியாமல் போனால் அது வேறு, அதையும் டாக்டரே சொல்லட்டும்.

இன்னொரு குழப்பம் லாசிக்ஸ். அது நீரை வெளியேற்றும், காலில் வீக்கம் வடியும், மூச்சு சீராகும், இரண்டே நாளில் வித்தியாசம் தெரியும். தசையைத் தேற்றுவது அதன் வேலை கிடையாது. உடனே சுகம் தெரிகிறதே என்று அதை மட்டும் வைத்துக்கொண்டு, சோர்வு தருகிறது என்று பீட்டா பிளாக்கரை நிறுத்திவிடுகிறார்கள். நேர்மாறாகச் செய்கிறோம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

மறைந்திருக்கும் செலவு மாத்திரையின் விலையில் முன்பு இருந்தது, இப்போது குறைந்திருக்கிறது. டாபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020-இலும் சகுபிட்ரில்-வல்சார்டனின் முக்கியக் காப்புரிமை 2023-இலும் எம்பாக்ளிஃப்ளோசினுடையது 2025-இலும் முடிந்து, உள்ளூர் கம்பெனிகள் வந்து விலை நன்றாக இறங்கியது. மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் எது இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம். இப்போதைய மறைமுகச் செலவு இரத்தப் பரிசோதனை. ஸ்பைரனோலாக்டோனும் சகுபிட்ரில்-வல்சார்டனும் சேரும்போது பொட்டாசியம் ஏறலாம், அது இதயத் தாளத்தையே கெடுக்கும். ஆரம்பித்த ஒரு வாரத்திலும் ஒரு மாதத்திலும் பொட்டாசியம், கிரியாட்டினின் பார்க்க வேண்டும். இளநீர் உடம்புக்குக் குளிர்ச்சி என்று தினம் குடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிரஷருக்கு நல்லது என்று விற்கும் குறைந்த சோடிய உப்பிலும் பொட்டாசியம்தான் இருக்கிறது. எனலாப்ரில், ராமிப்ரில் வகையிலிருந்து சகுபிட்ரில்-வல்சார்டனுக்கு மாறும்போது 36 மணி நேர இடைவெளி கட்டாயம், இல்லாவிட்டால் முகமும் தொண்டையும் ஆபத்தாக வீங்கலாம். டாபாக்ளிஃப்ளோசின் சாப்பிடுபவர்கள் வாந்தி பேதி நாளிலும் விரதத்துக்கும் ஆபரேஷனுக்கும் முன்பும் டாக்டரிடம் கேட்டு நிறுத்த வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம், நீரைத் தேக்கிவிடும்.

பம்பிங் 50-க்கு மேல் வந்துவிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா? லண்டனில் இதையே சோதித்தார்கள். குணமானவர்கள் என்று கருதப்பட்டவர்களில் 25 பேருக்கு மருந்தை மெல்லக் குறைத்து நிறுத்தினார்கள், ஆறே மாதத்தில் 11 பேருக்கு நோய் திரும்பியது. எக்கோ நன்றாக வந்ததற்குக் காரணமே மாத்திரைதான் என்று அர்த்தம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

## ஐசிடி

காலர் எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைத்து, ஒயரை இதயத்துக்குள் விடுவார்கள். தாளம் கெட்டால் ஷாக் கொடுத்து மீட்கும். இரண்டாவது பாதையை மட்டும் அடைக்கிறது. பம்பிங்கை ஒரு புள்ளிகூட உயர்த்தாது, மூச்சிரைப்பைக் குறைக்காது. இதைத் தெரியாமல் வைத்துக்கொண்டு "லட்சக்கணக்கில் செலவு பண்ணியும் நடக்க முடியவில்லையே" என்று வருந்துபவர்கள் உண்டு.

அடைப்பினால் வந்த பலவீனத்தில் ஐசிடியின் பலன் தெளிவு. அடைப்பில்லாத டைலேட்டட் வகையில் விஷயம் அவ்வளவு நேர்கோடாக இல்லை. 2016-இல் வந்த டேனிஷ் ஆய்வில் 1,116 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஐசிடி வைத்தும் மறு பாதிக்கு வைக்காமலும் பார்த்தார்கள். திடீர் மரணம் 8.2 சதவீதத்திலிருந்து 4.3-ஆகப் பாதியானது, ஆனால் மொத்த மரணத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. வயது குறைந்தவர்களிடம் மட்டும் பலன் தெரிந்தது. 45 வயதுக்காரருக்கும் 76 வயதுக்காரருக்கும் ஒரே பதில் கிடையாது என்பது இதிலிருந்தே புரியும்.

இதயம் நின்றுபோய் மீண்டவர், நீடித்த வேகத் தாளம் பதிவானவர் இவர்களுக்குக் காத்திருப்பு வேண்டாம், உடனே. காரணம் தெரியாமல் மயங்கி விழுந்தவரையும் டாக்டர்கள் அவசரமாகத்தான் பார்ப்பார்கள். லேமின் மரபணு போன்ற சில பரம்பரை வகைகளில் பம்பிங் ஓரளவு நன்றாக இருக்கும்போதே யோசிப்பார்கள். மற்றவர்களுக்குக் குறைந்தது மூன்று மாதம் முழு அளவு மாத்திரை கொடுத்து, மீண்டும் எக்கோ எடுத்து, இஎஃப் 35-ஐத் தாண்டவில்லை என்றால்தான் பேச்சு. அந்த மூன்று மாதத்தில் கணிசமான பேர் 35-ஐத் தாண்டிவிடுகிறார்கள். எம்ஆர்ஐ எடுத்தால் தசையில் தழும்பு இருக்கிறதா என்று தெரியும். தழும்பு இருந்தால் ஆபத்து கூடுதல், எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கு முடிவெடுக்க அது உதவும்.

பின்னால் வரும் செலவு: பேட்டரி சுமார் ஏழு முதல் பத்து வருடம், பிறகு பெட்டியை மாற்ற மறுபடி லட்சங்கள். தொற்று வந்தால் ஒயரோடு எடுக்க வேண்டும், அது சிறிய வேலை இல்லை. தேவையில்லாத நேரத்திலும் ஷாக் அடிக்கலாம், அடிபட்டவர்கள் பலருக்கு அடுத்தது எப்போது என்ற பயம் மனதில் தங்கிவிடுகிறது. லாரி, பஸ் ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு வேலையே போகலாம்; இதைக் கருவி வைக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

## சிஆர்டி

மூன்று ஒயர் வைத்த பேஸ்மேக்கர். சிலருக்கு இதயத்தின் மின்பாதையில் இடது கிளை அடைபட்டு, ஒரு நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று முன்னாலும் மற்றது பின்னாலும் இழுப்பது போல, இதயத்தின் இரு பக்கமும் ஒத்துச் சுருங்காமல் போகிறது. சிஆர்டி அதைச் சேர்ந்து இழுக்க வைக்கிறது. சரியான ஆளுக்கு வைத்தால் பம்பிங் நிஜமாகவே ஏறும், மாடிப்படி ஏற முடியும், மரணமும் குறையும்.

சரியான ஆள் யார் என்பதற்கு விலை குறைந்த ஒரு ஈசிஜி போதும். அதில் க்யூஆர்எஸ் அகலம் (கீழறைகள் முழுக்க மின்சாரம் பரவ எடுக்கும் நேரம்) 150 மில்லிசெகண்டுக்கு மேல், இடது கிளை அடைப்பு, இஎஃப் 35 அல்லது அதற்குக் கீழ் என்றால் நல்ல பலன் எதிர்பார்க்கலாம். 130-க்குக் கீழே இருந்தால் வைக்கக் கூடாது. 2013-இல் வெளியான எக்கோ-சிஆர்டி ஆய்வில் அப்படிப்பட்டவர்களுக்கு வைத்தபோது இறந்தவர்கள் அதிகமானார்கள். ஆகவே யாராவது சிஆர்டி என்று சொன்னால் உங்கள் க்யூஆர்எஸ் எவ்வளவு என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து இந்த நோயில் ஒரு கேள்விக்கு இவ்வளவு மதிப்பு வேறெங்கும் இல்லை.

ஷாக் வசதியோடும் வரும், இல்லாமலும் வரும். இல்லாதது விலை குறைவு, வயதானவர்களுக்கு அதுவே போதும் என்று பல டாக்டர்கள் சொல்வார்கள். இடது கிளைப் பகுதியிலேயே ஒயரைப் பதிக்கும் புதிய முறையும் வந்திருக்கிறது. 2017-இல் சீனாவில் ஆரம்பித்தது, மதுரை டாக்டர்கள் இதில் நிறைய ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். சாதாரண பேஸ்மேக்கரையே பயன்படுத்தலாம் என்பதால் செலவு நன்றாகக் குறைகிறது. நீண்டகால ஆதாரம் இன்னும் சிஆர்டி அளவுக்குச் சேரவில்லை, ஆனாலும் பணம் தடையாக இருக்கும் வீட்டில் இதைக் கேட்காமல் விடக் கூடாது.

## எல்விஏடி

இதயத்தோடு பொருத்தும் இயந்திர பம்ப். வயிற்றுத் தோல் வழியே ஒரு கேபிள் வெளியே வரும், பேட்டரியைத் தோளில் மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஹார்ட்மேட் 3 கருவி வைத்தவர்களில் பாதிக்கு மேல் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள் என்பது பெரிய சாதனை. நம் ஊரில் விலை பல பத்து லட்சங்கள், கரண்ட் போனால் கவலை, கேபிள் வரும் இடத்தில் தொற்று, வாழ்நாள் முழுக்க இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், குளத்திலோ கிணற்றிலோ இறங்க முடியாது. மாற்று இதயம் கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்க வேண்டியவருக்கு, பணமும் இருபத்துநான்கு மணி நேரமும் கூட இருக்க ஆளும் இருந்தால் யோசிக்கலாம்.

## மாற்று இதயம்

1967-இல் கேப்டவுனில் முதல் மாற்று நடந்தது, இந்தியாவில் முதல் வெற்றி 1994-இல் டெல்லி எய்ம்ஸில். தமிழ்நாட்டில் 2008-இல் ஹிதேந்திரனின் பெற்றோர் தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகு மக்கள் மனநிலையே மாறியது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை இப்போது டிரான்ஸ்டான் என்ற அரசு அமைப்பு வரிசைப்படி ஒதுக்குகிறது. நேரடியாகப் பணம் கொடுத்து முன்னால் போக வழியில்லை, அப்படிச் சொல்லும் யாரையும் நம்பாதீர்கள்.

இதுவும் இரண்டு பாதைகளையும் ஒருசேர அடைக்கிறது. உலக அளவில் மாற்று செய்தவர்களில் பாதிப் பேர் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் வாழ்கிறார்கள். ஆனால் ஒரு நோயைக் கொடுத்து இன்னொரு நிலையை வாங்குகிறோம். டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட் போன்ற மருந்துகள் வாழ்நாள் முழுக்க, மாதம் பல ஆயிரம். அவை எதிர்ப்பு சக்தியைத் தாழ்த்தும், காசநோய் முதல் பூஞ்சைத் தொற்று வரை வரலாம், கிட்னியும் அடி வாங்கும். முதல் வருடம் அடிக்கடி பயாப்ஸி, அதாவது இதயத் தசையில் துளி எடுத்துப் பரிசோதிப்பது. எடுத்த இதயத்தைச் சுமார் நான்கு மணி நேரத்துக்குள் பொருத்த வேண்டும் என்பதால் அழைப்பு வந்தால் உடனே போய்ச் சேரும் தூரத்தில் தங்க வேண்டும், வெளியூர்க் குடும்பத்துக்குச் சென்னையில் மாதக்கணக்கில் வாடகை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எவ்வளவு கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு மேசையில் முதல் நாளே கேளுங்கள்.

எப்போது போய்ப் பார்க்க வேண்டும்? வருடத்தில் இரண்டு தடவையோ அதற்கு மேலோ மூச்சிரைப்புக்காகச் சேர்க்க வேண்டியிருந்தால், மேல் பிரஷர் 90-க்குக் கீழேயே நின்றால், பிரஷருக்காக மாத்திரைகளை ஏற்றிய அளவிலிருந்து இறக்கும் நிலை வந்தால், லாசிக்ஸ் கூடிக்கொண்டே போனால், ஐசிடி திரும்பத் திரும்ப அடித்தால். இவற்றில் ஒன்று வந்தாலும் மாற்று செய்யும் மையத்தில் ஒரு தடவை காட்டிவிடுங்கள். காட்டினால் ஆபரேஷன் என்று அர்த்தமில்லை. நுரையீரல் இரத்தக்குழாய் அழுத்தம் நிரந்தரமாக ஏறிய பிறகோ கிட்னி போன பிறகோ போனால் பட்டியலில் சேர்க்கவே மாட்டார்கள்.

## ஒரு பார்வையில்

| வழி | எதைத் தடுக்கும் | யாருக்கு | பின்னால் வரும் செலவு |
|---|---|---|---|
| நான்கு வகை மாத்திரை | இரண்டு பாதையும் | எல்லோருக்கும், முதலில் | இரத்தப் பரிசோதனை, வாழ்நாள் ஒழுங்கு |
| ஐசிடி | திடீர் தாளக் கேடு மட்டும் | மூன்று மாதம் கழித்தும் 35-க்குள் இருப்பவர், குறிப்பாக இளையவர் | பேட்டரி, தொற்று, ஷாக் பயம் |
| சிஆர்டி | பம்ப் தளர்ச்சி. ஷாக் வசதியோடு வைத்தால் இரண்டும் | அகன்ற க்யூஆர்எஸ், இடது கிளை அடைப்பு | பேட்டரி, ஒயர் பிரச்சினை |
| எல்விஏடி | பம்ப் தளர்ச்சி | மாற்று வரும்வரை தாங்க வேண்டியவர் | மின்சாரம், தொற்று, கூட இருக்க ஆள் |
| மாற்று இதயம் | இரண்டும் | மற்றவை தோற்றவர், கிட்னி முதலியவை நன்றாக உள்ளவர் | மாத மருந்து, தொற்று, இடமாற்றம் |

## கஷாயம், ஸ்டெம் செல், இஇசிபி

மருதம்பட்டையை டெல்லி எய்ம்ஸ் முறைப்படி சோதித்தது, பம்பிங் உயரவில்லை. மாத்திரையோடு சேர்த்துக் குடிக்க வேண்டும் என்றாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். ஸ்டெம் செல் ஊசி என்று லட்சங்கள் கேட்கும் இடங்களுக்குப் போகாதீர்கள், இந்த நோய்க்கு அது நிரூபணமான சிகிச்சை இல்லை. காலில் பட்டை கட்டி அழுத்தும் இஇசிபியும் மேலே சொன்ன எதற்கும் மாற்று ஆகாது. இவற்றில் போகும் பணத்தை விட, இவற்றை நம்பி மாத்திரையை விட்ட அந்த மாதங்கள்தான் எனக்கு வேதனை.

## பிரசவத்துக்குப் பிறகு வந்திருந்தால்

இவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரசவத்தை ஒட்டி வரும் வகையில் பலர் ஆறு மாதம், ஒரு வருடத்தில் நன்றாகத் தேறுகிறார்கள், அதனால் ஐசிடிக்கு அவசரப்படாமல் இருப்பதில் இன்னும் நியாயம் உண்டு. ஆனால் அடுத்த குழந்தை பற்றிய முடிவு ஐசிடியை விடப் பெரியது. பம்பிங் முழுதாகத் திரும்பாதவர் மறுபடி கருவுற்றால் உயிருக்கே ஆபத்து, திரும்பியவருக்கும் ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை. சகுபிட்ரில்-வல்சார்டன், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் எல்லாம் கருவிலுள்ள குழந்தைக்கு ஆகாதவை. மாமியார் வீட்டில் கேட்கிறார்களே என்று யாரும் இதில் இறங்கக் கூடாது. கணவரையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் வாயாலேயே கேட்க வையுங்கள்.

## எந்த வழியில் போனாலும்

தினம் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே எடை மெஷினில் எடை பார்த்து எழுதி வையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதை கிடையாது, நீர். அன்றைக்கே டாக்டருக்கு போன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பேக்கரிப் பண்டம் இவற்றில்தான் உப்பு ஒளிந்திருக்கிறது, சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டு அப்பளம் பொரித்தால் பயனில்லை. குடியைச் சுத்தமாக விட வேண்டும்.

அப்புறம், காரணம் தெரியவில்லை என்று ரிப்போர்ட்டில் இருந்தால் நோயாளியின் கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள், பெற்றோர் எல்லோரும் ஒரு ஈசிஜியும் எக்கோவும் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த நோய் குடும்பத்தில் ஓடக்கூடியது, மூச்சு வாங்க ஆரம்பிக்கும் முன்பே எக்கோவில் தெரிந்துவிட்டால் மாத்திரை அப்போதே வேலை செய்யத் தொடங்கும். முதல் எக்கோ நன்றாக இருந்தாலும் சில வருடத்துக்கு ஒரு தடவை திரும்ப எடுக்கச் சொல்வார்கள், வளர்ந்து வரும் பிள்ளைகளுக்கு இடைவெளி இன்னும் குறைவு.